ஹம்னிங்பெர்க் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள்

நோர்வே வரைபடத்தை விரித்து, அதன் வலது பக்க மேல் மூலைக்கு விரலைக் கொண்டு போங்கள். ரஷ்யாவின் எல்லையை எட்டிப் பார்த்தபடி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குடாநாடுதான் வராங்கர். அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு தீவு வார்டோ. நோர்வேயின் மிகக் கிழக்கே உள்ள நகரம் இதுவே. துருக்கியின் இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கிரேக்கத்தின் கிரீத் தீவில் தொடங்கும் ஈ-75 என்னும் ஐரோப்பியப் பெருந்தெரு, பல நாடுகளைக் கடந்து வந்து முடிவது இங்கேதான். தெரு முடிந்த இடத்தில் எங்களுக்கு வேலை தொடங்கியது.

1980களின் நடுப்பகுதியிலிருந்தே எங்கள் ஆட்கள் பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் அதிகமானோர் சில வருடங்களில் ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். இப்போது புதிதாக வரும் குடும்பங்களும் வட பகுதி நகரசபை ஒன்றில் குடியமர்த்தப்படும்போது முதலில் கேட்கும் கேள்வி, "இஞ்சை என்ன இருக்கு?" என்பதுதான். யூலை மாதத்திலும் சராசரி வெப்பம் 10 பாகை அளவிலேயே நிற்கும். மரம் இல்லை. நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்புவதில்லை. பஸ் நேரமோ, விரும்பிய இடத்துக்கு விரும்பிய நேரம் போய்வர உதவாது.

அந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதைத் திருத்தி எடுத்த கதையையும், அதில் ஏறிப் போன ஒரு வீதியின் கதையையும் சேர்த்தே எழுதுகிறோம். ஏனென்றால் இந்த ஊரில் அவை இரண்டும் வேறு வேறல்ல. பழுதடைந்தால் வந்து பார்க்க ஆள் இல்லாத வீதி அது.

வண்டி

யப்பான் தயாரிப்பு, 250 சி.சி., ஒற்றைச் சிலிண்டர். தார் வீதியிலும் கிறவல் வீதியிலும் ஓடக்கூடிய உயரமான வகை. எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் இருவர் பங்கு போட்டு வாங்கினோம். மூத்தவரை ஊரில் போலவே அண்ணை என்று அழைப்போம். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சுன்னாகத்தில் ஒரு கராச்சில் வேலை பழகியவர். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில், சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கதைகளை அவர் சொல்லக் கேட்டு இளையவர் சிரிப்பார். புகை கக்கினாலும் அந்த வண்டிகள் ஓடின. காரணம், காபரேற்றர் ஒரு எளிய சாமான். காற்று இழுக்கிறது, எண்ணெய் வருகிறது. அது எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

இந்த வண்டியில் காபரேற்றர் இல்லை. எரிபொருள் இன்ஜெக்ஷன் முறை. அதைப் புதியவர்களுக்கு இப்படி விளங்கப்படுத்தலாம். பெற்றோல் தாங்கிக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்ப் இருக்கிறது. அது பெற்றோலைச் சுமார் 3 பார் அமுக்கத்தில் இன்ஜெக்ரர் என்ற ஊசிக்கு அனுப்புகிறது. ஊசி எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைச் சீற்றுக்குக் கீழே இருக்கும் மூளைப் பெட்டி தீர்மானிக்கிறது. அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் சூடு என்ன, எஞ்சினின் சூடு என்ன, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சென்சர்கள் அனுப்பும் சேதிகளை வைத்துத்தான் அந்தத் தீர்மானம். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், நிறையால். குளிரிலும் வெயிலிலும், கடல் மட்டத்திலும் மலையிலும் அந்த அளவைத் தானே சரிப்படுத்திக்கொள்வதுதான் இந்த முறையின் பலம். ஜெற் மாற்றத் தேவையில்லை, சோக் இழுக்கத் தேவையில்லை.

பலவீனமும் உண்டு. பற்றறி செத்தால் பம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஊரில் செய்வது போலத் தள்ளி ஸ்ராட் பண்ணலாம் என்று எண்ண வேண்டாம்.

மாற்றியதும் திரும்ப மாற்றியதும்

வண்டியின் முன்னைய சொந்தக்காரர் சத்தத்தில் ஆசை உள்ளவர் போலும். பின்னால் திறந்த சைலன்சர் ஒன்று. அதில் வட்டத்துள் ஈ எழுத்துப் பொறித்த அங்கீகார முத்திரை இல்லை. காற்றுப் பெட்டியின் மூடியை வெட்டித் துவாரம் பெருப்பித்திருந்தார். கூடுதல் காற்றுக்கு ஏற்பப் பெற்றோலைக் கூட்ட, ஊசிக்குப் போகும் வயரின் இடையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டியும் செருகியிருந்தார்.

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் இளைஞர்கள் பலர் வண்டி வாங்கியவுடன் முதல் செய்ய நினைப்பது இதைத்தான். சைலன்சரையும் காற்றுப் பெட்டியையும் திறந்தால் உள்ளே போகும் காற்று கூடும். மூளைப் பெட்டிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கணக்கு பழைய காற்றுக்கு உரியது. கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும். அக்சிலேற்றரை விடும்போது பின்னால் பட் பட் என்று வெடிக்கும். அதைச் சரிசெய்யக் கறுப்புப் பெட்டி. பெட்டி கூட்டிக் கொடுக்கும் பெற்றோல் ஒரு வேகத்துக்குச் சரியாக இருந்தால் இன்னொரு வேகத்துக்குப் பிழையாக இருக்கும். ஒன்றை மாற்றினால் மூன்றை மாற்ற வேண்டும். மாற்றிய மூன்றில் எது பழுதாயிற்று என்று நடுத்தெருவில் நின்று தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எங்களுக்கு இருந்தது. எங்களில் இளையவரின் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. நோர்வேயில் மோட்டார் சைக்கிளுக்குக் காரைப் போலக் காலத்துக்குக் காலம் பரிசோதனை கிடையாது. அதனால் பிடிபட மாட்டோம் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் வீதி அதிகாரிகளும் பொலிசாரும் எந்தத் தெருவோரத்திலும் மறித்துச் சோதிக்கலாம், இலக்கத் தகட்டைக் கழற்றலாம். தெருவோரத்தில் எழுதிக் கொடுக்கும் சுருக்கத் தண்டங்கள் பொதுவாகக் குடியுரிமைக்குத் தடையாவதில்லை. வழக்காகப் பதிந்து விதிக்கப்படும் தண்டம் அப்படியல்ல. அது விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும். விபத்து நேர்ந்தால், அங்கீகாரம் இல்லாத மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதிக்காரர் நட்டஈட்டைக் குறைக்கவும் இடமுண்டு. பல வருடம் காத்திருந்த ஒரு கடதாசியை ஒரு சைலன்சரின் சத்தத்துக்காக ஏன் பணயம் வைக்க வேண்டும்?

"கழட்டு தம்பி, எல்லாத்தையும் கழட்டு. கொம்பனி விட்ட மாதிரி வரட்டும். பிறகு பாப்பம் என்ன தேவை எண்டு" என்றார் அண்ணை.

பழைய சாமான் விற்பவர்களிடம் தேடி, அந்த மொடலுக்குரிய சைலன்சரும் காற்றுப் பெட்டி மூடியும் வாங்கினோம். கறுப்புப் பெட்டியை எடுத்துவிட்டு வயரை நேரடியாக இணைத்தோம். எஞ்சின் சத்தம் தையல் மெசின் போல அடங்கியது.

அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் சில மட்டுமே. முன் பல்லுச்சில்லில் 13 பல்லுக்குப் பதில் 12 பல்லுப் போட்டோம். ஏறக்குறைய 8 வீதம் கியர் இறங்கும். உச்ச வேகம் குறையும். ஆனால் இருவர் ஏறிக் காற்றுக்கு எதிரே மெதுவாகப் போகும்போது எஞ்சின் திணறாது. கைகளுக்குக் காற்றுத் தடுப்பு போட்டோம். கைப்பிடியில் சூடாக்கி பூட்டினோம். அது சுமார் 30 முதல் 40 வாற்று மின்சாரம் குடிக்கும். ஆகவே பற்றறியில் நேரே கொடுக்காமல், சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் றிலே மூலம் கொடுத்தோம். கடைசியாக, கைக்கு எட்டிய மின் இணைப்பு முனைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிறீசைப் பூசித் திரும்பப் பூட்டினோம். வார்டோவின் காற்றில் உப்பு இருக்கிறது. பித்தளை பச்சை பிடிக்க ஒரு மாரிகாலம் போதும்.

ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம். முன்னையவர் பூட்டியிருந்த 13 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி. இந்தப் பிரதேசத்தில் பெற்றோல் நிலையங்கள் தூரத்துக்குத் தூரம் என்பதால் அது வேண்டும் என்று இருவரும் தீர்மானித்தோம்.

கடலுக்குக் கீழே, கடலோரமாக

யூலை மாதம் தொழிற்சாலை விடுமுறை. ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டோம். இரவு என்கிறோம், ஆனால் மே நடுப்பகுதியில் இருந்து யூலைக் கடைசி வரை இங்கே சூரியன் மறைவதில்லை. பெற்றோல் நிலையத்தில் தாங்கியை வாய்வரை நிரப்பினோம். ஹம்னிங்பெர்க் வரை சுமார் 40 கிலோமீற்றர். அங்கே பெற்றோல் இல்லை. போய் வர 80. எங்கள் வண்டிக்கு 100 கிலோமீற்றருக்கு மூன்றரை லீற்றர் போதும். பிறகு ஏன் வாய்வரை என்று கேட்கலாம். காற்றும் மழையும் எங்கே திருப்பி விடும் என்று தெரியாத இடத்தில் நிறைந்த தாங்கி ஒரு தைரியம்.

வார்டோவில் இருந்து வெளியேற ஒரே தரைவழி கடலுக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை. 1982இல் திறக்கப்பட்டது. நோர்வேயில் கடலுக்குக் கீழே வாகனங்களுக்காகக் கட்டப்பட்ட முதலாவது பாதை இதுதான். நீளம் சுமார் 2.9 கிலோமீற்றர், ஆழம் கடல் மட்டத்தில் இருந்து 88 மீற்றர். சுவரில் ஈரம் வடிந்துகொண்டிருக்கும். இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டுவிட்டுக் காது கொடுத்தோம். சுரங்கத்துக்குள் சின்னச் சத்தமும் பத்தாகக் கேட்கும். பட் பட் என்ற வெடிப்பு ஒன்றுகூட இல்லை. சைலன்சர் இணைப்பில் ஒழுக்கு இல்லை, கலவை சரி என்பதற்கு அதைவிட நல்ல பரிசோதனைச்சாலை கிடையாது. மறு பக்க ஏற்றத்தில் 12 பல்லின் பலனும் தெரிந்தது.

சுரங்கத்தால் வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்பினால் ஹம்னிங்பெர்க் வீதி. திரும்பிப் பார்த்தால் தீவின் மேட்டில் ராடார் நிலையத்தின் வெள்ளை உருண்டைகள் தெரியும். அதன்பின் வலது கைப் பக்கம் பேரென்ட்ஸ் கடல், இடது கைப் பக்கம் கல்லு. வேறொன்றும் இல்லை. செங்குத்தாகக் கிளம்பி நிற்கும் தகட்டுப் பாறைகள், யாரோ புத்தகங்களை அடுக்கிவிட்டு இடையில் விட்டுப் போனது போல வரிசை வரிசையாக நிற்கும். வீதி ஒரு வாகனம் போகத்தக்க அகலம்தான். எதிரே வருபவருக்கு ஒதுங்கி விட, எம் என்ற எழுத்துப் பொறித்த நீலப் பலகை நாட்டிய இடங்கள் உண்டு. நிலம் பனியில் உறைந்து இளகும்போது வீதி சில இடங்களில் முதுகு வளைந்து எழும்பியிருக்கும். உயரமான வண்டியின் நீண்ட ஸ்பிறிங்குகள் எதற்கு என்று அங்கேதான் விளங்கும். பனிக்காலத்தில் இந்த வீதியை மூடிவிடுவார்கள்.

இப்படி ஒரு வண்டி இருந்தால் வீதியை விட்டு இறங்கி அந்த வெளியில் ஓடிப் பார்க்க மனம் உந்தும். அது கூடாது. வீதிக்கு வெளியே இயற்கை நிலத்தில் இயந்திர வாகனம் ஓட்டுவதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பின்மார்க்கில் இதற்கென ஒதுக்கிய சில பாதைகள் உண்டு. அவை எவை என்று நகரசபையில் கேட்டறிந்தே போக வேண்டும். இந்தக் குளிரில் பாசி வளர நெடுங்காலம் எடுக்கும். ஒரு சில்லுத் தடம் ஓட்டியவரின் ஆயுளுக்கும் மேலாக அங்கே கிடக்கலாம்.

பேர்ஸ்பியோர்ட் பக்கத்தில் கலைமான் கூட்டம் ஒன்று வீதியை மறித்து நின்றது. கோர்ண் அடிக்காமல் நிறுத்திக் காத்திருந்தோம். அப்போது கடலில் இருந்து வந்த காற்று ஒரு அடி அடித்தது. நின்ற வண்டி, இரண்டு ஆட்களோடு, மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது. நிமிர்த்தி ஸ்ராட்டரை அழுத்தினால் சுழல்கிறது, பிடிக்கவில்லை.

இது பழுதல்ல. இந்த வகை வண்டிகளில் சரிவைக் கண்டுபிடிக்கும் சென்சர் ஒன்று உண்டு. வண்டி விழுந்தால் நெருப்புப் பிடிக்காமல் இருக்க அது பம்பையும் எஞ்சினையும் நிறுத்திவிடும். நிமிர்த்தினாலும் தானே திரும்ப விடாது. சாவியை ஓவ் செய்து, ஒரு மூச்சு விட்டு, திரும்ப ஓன் செய்ய வேண்டும். செய்தோம், பிடித்தது. மான்களும் விலகிவிட்டன.

சாண்ட்பியோர்ட்டில் நின்றது

அங்கிருந்து சில கிலோமீற்றர். சாண்ட்பியோர்ட்டின் மணல் கரை தெரியத் தொடங்கியபோது வண்டி இழுக்க மறுத்தது. அக்சிலேற்றரைக் கூட்டினால் திணறும், குறைத்தால் கொஞ்சம் தேறும். பெற்றோல் முடிந்த வண்டி போல இரண்டு முறை இழுத்து, மூன்றாவதாக அடங்கிவிட்டது. நாங்கள் கடைசியாக ஒரு காரைக் கண்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு கோடும் இல்லை. 8 பாகை குளிர், காற்று வேறு. திரும்பி நடப்பதென்றால் இரவு முழுக்க நடக்க வேண்டும்.

"விழுந்ததிலை ஏதோ உடைஞ்சு போச்சு அண்ணை."

"விழுந்ததாலை எண்டு இப்பவே முடிவு கட்டாதையும். ஒண்டொண்டாப் பாப்பம்."

அண்ணையின் முறை எப்போதும் ஒன்றுதான். காசு செலவில்லாததை முதலில் பார், கழற்றத் தேவையில்லாததை முதலில் பார். நாங்கள் பார்த்த ஒழுங்கை அப்படியே தருகிறோம். வெட்டி எடுத்து சீற்றுக்குக் கீழே வைத்தாலும் உதவும்.

முதலாவது, ஹாண்டிலில் உள்ள சிவப்பு நிறுத்தும் சுவிச். கை பட்டு மாறியிருக்கலாம். மாறவில்லை.

இரண்டாவது, சாவியை ஓன் செய்து காதைத் தாங்கியில் வைப்பது. பம்ப் இரண்டு மூன்று விநாடி உம் என்று ஓடி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் பற்றறி, பம்ப் பியூஸ், மூளைப் பெட்டி, சரிவு சென்சர் நான்கும் பெரும்பாலும் நலம். கேட்டது. ஆனால் வழமையைவிடச் சற்றுக் கீச்சென்று கேட்டது.

மூன்றாவது, எச்சரிக்கை விளக்கு. சென்சர் ஒன்று பழுதானால் மஞ்சள் விளக்கு எரியும். மினுங்கும் தொகையை எண்ணினால் எந்தச் சென்சர் என்று கைநூலில் பார்க்கலாம். சில மொடல்களில் இலக்கமாகவே காட்டும். விளக்கு எரியவில்லை.

நான்காவது, பக்க ஸ்ராண்டின் சுவிச். ஸ்ராண்ட் கீழே இருக்கிறது என்று வண்டி நினைத்தால், கியர் போட்டவுடன் நிற்கும். எங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும்போது திணறித் திணறி நின்றது. சுவிச் பழுதென்றால் திணறாது, வெட்டினாற்போல் நிற்கும்.

ஐந்தாவது, பற்றறி. அண்ணை சட்டைப் பையில் கொண்டு திரியும் சிறு மீற்றரை வைத்துப் பார்த்தோம். 12.5 வோல்ற். நல்லது. ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஐந்தும் முடிந்தது. மின்சாரம் எல்லாம் சரி, விளக்கும் குறை சொல்லவில்லை. இளையவருக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணை வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு கையுறையைக் கழற்றித் தாங்கியின் பக்கங்களைத் தடவினார்.

"தம்பி, இஞ்சை வாரும். இது எப்பவும் இப்பிடி ஒட்டியோ கிடக்கிறது?"

பிளாஸ்ரிக் தாங்கியின் இரு பக்கமும், பசித்தவன் கன்னம் போல உள்ளே ஒடுங்கியிருந்தன. மூடியைத் திருகினோம். உஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. பக்கங்கள் டப் என்று வெளியே வந்தன. ஸ்ராட்டரை அழுத்தினோம். ஒரே பிடி.

விளக்கம் இதுதான். தாங்கியில் இருந்து பெற்றோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு மெல்லிய ரியூப் இருக்கிறது. அதன் நடுவில், காற்றை உள்ளே விட்டு, வண்டி சாய்ந்தால் பெற்றோல் வெளியே வராமல் தடுக்கும் சிறு வால்வு. கடல் காற்றின் உப்பு அதற்குள் படிந்து வால்வை ஒட்ட வைத்துவிட்டது. தாங்கி வாய்வரை நிறைந்திருந்ததால் மேலே காற்றுக்கு இடமும் குறைவு. ஒரு லீற்றர் அளவு பெற்றோல் போனதும் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, பம்ப் இழுத்தாலும் பெற்றோல் வர மறுத்தது. கீச்சென்ற சத்தத்தின் காரணமும் அதுவே.

மூளைப் பெட்டி ஏன் சொல்லவில்லை? சென்சர் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் அது சொல்லும். எங்களுடையது போன்ற சிறு வண்டிகளில் பெற்றோல் அமுக்கத்தை அளக்கச் சென்சர் இல்லை. விளக்கு எரியவில்லை என்பதற்குப் பொருள், அதற்குத் தெரிந்த இடங்களில் பழுது இல்லை என்பது மட்டும்தான். மற்ற இடங்களை நாங்கள்தான் கைவைத்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் பெட்டியும் வெட்டிய காற்றுப் பெட்டியும் இன்னும் வண்டியில் இருந்திருந்தால், அந்தக் கரையில் முதலில் அவற்றைத்தான் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்போம்.

ரியூப்பைக் கழற்றி வால்வைத் தனியே எடுத்தோம். தேநீருக்குக் கொண்டு வந்த சுடுதண்ணீரில் கொஞ்சத்தை மூடியில் ஊற்றி அதில் ஊற வைத்தோம். உப்புக்குச் சுடுதண்ணீரைவிட நல்ல மருந்து உண்டா? வாயால் ஊதிப் பார்த்து, ஈரம் போக உதறி, திரும்பப் பூட்டினோம். மிச்சச் சுடுதண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்தோம். இரவு பத்தரை மணி. மணலில் வெயில் அடித்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஊசிக்குப் போகும் பெற்றோல் குழாயை மட்டும் வீதியில் நின்று கழற்றாதீர்கள். 3 பார் அமுக்கத்தில் பெற்றோல் முகத்திலும் சூடான எஞ்சினிலும் சீறும்.

வீடுகள் மிஞ்சிய ஊர்

ஹம்னிங்பெர்க் என்பது வீதி முடியும் இடத்தில் உள்ள ஒரு பழைய மீனவக் கிராமம். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை, பின்மார்க்கையும் வட துரோம்ஸையும் எரித்துக்கொண்டு போனது. வீடு, தேவாலயம், துறைமுகம், தந்திக் கம்பம் ஒன்றும் விடவில்லை. ஏறக்குறைய 50,000 மக்களைக் கட்டாயமாக வெளியேற்றினார்கள். மேலும் பல ஆயிரம் பேர் குகைகளிலும் குடிசைகளிலும் ஒளித்திருந்து அந்த மாரியைக் கழித்தார்கள். அந்த நெருப்புக்குத் தப்பிய மிகச் சில ஊர்களில் ஹம்னிங்பெர்க் ஒன்று. அதனால் போருக்கு முந்திய மரவீடுகளை இன்றும் இங்கே பார்க்கலாம். ஆனால் 1960களில் நிரந்தரமாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறிவிட்டன. கோடையில் மட்டும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கதவு திறந்து, சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் போனபோது ஒரு வயதான பெண்மணி வாசலில் இருந்து வலையில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வார்டோ என்றோம். அதற்கு முன்னர் எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. காற்று எப்படி இருந்தது என்றுதான் கேட்டார்.

அண்ணை அந்த வீடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்சை வீடு மிஞ்சிச்சு, சனம் போட்டுது. எங்கடை பக்கம் வீடும் போட்டுது" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. எரிந்த ஊர்களுக்குத் தடையையும் மீறித் திரும்பி வந்து, போட்டை நிறுத்தி, பலகை அடித்து மீண்டும் குடியேறிய மக்களின் பேரப்பிள்ளைகளோடுதான் நாங்கள் தினமும் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறோம் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த வாரம் வேலையில் அவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டோம். ஐந்து வருடத்தில் பேசாததை ஒரு தேநீர் இடைவேளையில் பேசினார்கள்.

திரும்பும் வழியில் வண்டி ஒரு முறையும் முணுமுணுக்கவில்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு

வடக்கில் குடியமர்த்தப்பட்டவர்கள் ஒரு வண்டி எடுக்க எண்ணினால் சில வார்த்தைகள். ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே வந்து குடியேறியபின் மூன்று மாதமே செல்லும். அதன்பின் நோர்வே உரிமம் எடுக்கத்தான் வேண்டும். 35 கிலோவாற்று வரையான வண்டிக்குரிய ஏ-2 வகுப்பை 18 வயதில் எடுக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது பதிவுச் சிட்டையையும் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைலன்சரில் முத்திரை உண்டா, காற்றுப் பெட்டி வெட்டப்பட்டிருக்கிறதா, வயர்களுக்கு இடையில் கடைக்காரர் அறியாத பெட்டி ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தூரப் பயணம் என்றால் வீட்டில் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். தீயணைப்பு 110, பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113 ஆகிய இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள்.

இங்கே என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு இப்போது நாங்கள் ஹம்னிங்பெர்க் வீதியைச் சொல்கிறோம். காரிலும் போகலாம், குடும்பமாகவும் போகலாம், சாண்ட்பியோர்ட் மணலில் இருந்து சோற்றுப் பொதி பிரிக்கலாம். வசந்தத்தில் பனி அகற்றி வீதி திறந்த செய்தி வந்ததும் புறப்படுங்கள். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தாங்கி மூடியின் ரியூப்பை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு வாருங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலையும் மறக்க வேண்டாம்.